வாசிச்சவன் பேரு எங்கே?

இசைத்தட்டு, கேசட், குறுந்தகடு, இப்போது கைபேசி. பெட்டி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பாடியவர் பேர் தெரியும், இசையமைத்தவர் பேர் தெரியும், கம்பெனிக்காரன் பேர் அட்டையிலேயே தடித்த எழுத்தில் இருக்கும். அந்தப் பாட்டுக்குள்ளே அடிச்சவன், ஊதினவன், இழுத்தவன் யார்? கேட்டால் 'ஆர்க்கெஸ்ட்ரா' என்பார்கள். ஒரு கும்பலுக்கு வைத்த பேர் அது. ஊர்ச்சோறு தின்கிறவன் சேரிக்காரனைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் 'ஏய், கொட்டடிக்கிறவனே' என்று கூப்பிடுகிறானே, கிட்டத்தட்ட அதே மரியாதைதான்.

பெட்டிக்குள் வாசிக்கிறவன் கூலிக்காரன் என்பதையே நம்ம இலக்கியவாதிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கலைஞன் என்பார்கள், ஆராதனை என்பார்கள், தெய்வீகம் என்பார்கள். தெய்வீகம் என்று சொல்லிவிட்டால் பேட்டா கேட்க முடியாது பாருங்கள். ஆனால் கால்ஷீட் கணக்கில், மணிக்கணக்கில், இன்னொருத்தன் சொன்ன நேரத்துக்குப் போய், இன்னொருத்தன் எழுதித் தந்ததை வாசித்துவிட்டு, வாங்கினோமா வந்தோமா என்று இருக்கிறவன் தொழிலாளிதான். தொழிலாளி என்றால் சங்கம் வேண்டும். இதை அமெரிக்காவில் நூறு வருசத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள். அந்தக் கதை நமக்கு வேண்டிய கதை. சங்கம் கட்டினார்கள் என்பதற்காக மட்டுமல்ல. கட்டின சங்கத்துக்குள்ளேயே ஒரு சேரி கட்டினார்கள் என்பதற்காகவும்.

அமெரிக்க இசைக் கலைஞர்கள் கூட்டமைப்பு 1896இல் தொடங்கியது. ஊருக்கு ஊர் எண் போட்ட உள்ளூர்ச் சங்கங்கள். ஊமைப்படக் காலத்தில் ஒவ்வொரு கொட்டகையிலும் ஒரு வாத்தியக் கோஷ்டி உட்கார்ந்து வாசிக்கும். அது பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு. 1927இல் பேசும்படம் வந்தது. நாலைந்து வருசத்தில் அந்தச் சோறு போச்சு. ஒரே ஒரு கோஷ்டி ஹாலிவுட்டில் வாசித்தால் நாடு முழுக்கக் கொட்டகைகளில் ஓடுகிறது. 1930இல் சங்கம் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தது: இயந்திர மனிதன் வாத்தியம் வாசிக்கிற மாதிரி படம் போட்டு, 'டப்பா இசை வேண்டாம், உயிருள்ள இசை கேளுங்கள்' என்கிற தோரணையில். சனம் சட்டை செய்யவில்லை. மலிவாகக் கிடைக்கிறதை வேண்டாம் என்று எந்தச் சனம் சொல்லும்?

அடுத்து வானொலி, ஓட்டல்களில் காசு போட்டால் பாடும் பெட்டி. இங்கேதான் விசயம் முற்றுகிறது. நெய்கிறவன் நெய்த துணி அவனோடு போட்டிக்கு வருவதில்லை. இசைக்காரனோ தன் கையாலேயே தன் வேலையைப் பறிக்கிற பொருளைச் செய்கிறான். இன்றைக்கு மூன்று மணி நேரம் வாசித்துக் கொடுத்த தட்டு, நாளைக்கு அவனையும் அவன் அண்ணன் தம்பியையும் ஓட்டலை விட்டுத் துரத்துகிறது. ஒரு தடவை கூலி, ஆயுசுக்கும் வேலையிழப்பு.

இதற்குப் பதில் சொல்லக் கிளம்பியவர் ஜேம்ஸ் சீசர் பெட்ரில்லோ. சிகாகோவில் சாக்கடை தோண்டிய இத்தாலியக் குடியேறியின் மகன். நாலாம் வகுப்பைத் தாண்டாதவர். ட்ரம்பெட் ஊதுவார், சுமாராகத்தான். 1940இல் கூட்டமைப்பின் தலைவரானார். 1942 ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் எந்தச் சங்க உறுப்பினரும் இசைத்தட்டுக்கு வாசிக்கக் கூடாது என்று அறிவித்தார். கூலி உயர்வு கேட்கவில்லை. விற்கிற ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சின்னத் தொகையைச் சங்கத்தின் நிதிக்குக் கட்டு என்றார். அந்தப் பணத்தில் வேலையற்ற இசைக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தி, பூங்காவிலும் பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் சனங்களுக்கு இலவசமாக வாசிக்க வைப்போம். இயந்திரம் கொண்டுபோனதில் ஒரு பங்கை இயந்திரத்திடமிருந்தே பிடுங்குவது. எளிய கணக்கு.

யுத்த காலம். பத்திரிகைகள் துரோகி என்றன. பேரில் 'சீசர்' வேறு இருந்ததா, சர்வாதிகாரி என்று கேலிச்சித்திரம் போட்டுத் தள்ளினார்கள். ராணுவ வீரர்களுக்கான தட்டுகளுக்குத் தடை இல்லை என்று சங்கம் விலக்குக் கொடுத்ததை யாரும் பெரிசாக எழுதவில்லை. பாடகர்கள் இந்தச் சங்கத்தில் இல்லை என்பதால் கம்பெனிகள் வாத்தியமே இல்லாமல், வாயாலேயே பின்னணி பாட வைத்துத் தட்டுப் போட்டுப் பார்த்தன. ஃபிராங்க் சினாட்ரா அப்படிப் பாடியிருக்கிறார். 1943 செப்டம்பரில் டெக்கா கம்பெனி இறங்கி வந்தது, பின்னாலேயே கேப்பிட்டல். ஆர்சிஏ விக்டரும் கொலம்பியாவும் இன்னும் ஒரு வருசத்துக்கு மேல் முறுக்கிக்கொண்டு நின்றன. யுத்தத் தொழிலாளர் வாரியம் நிறுத்து என்று உத்தரவு போட்டது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே கடிதம் எழுதினார். சாக்கடை தோண்டுகிறவன் மகன் மாட்டேன் என்றார். 1944 நவம்பரில் அந்த இரண்டு கம்பெனிகளும் கையெழுத்துப் போட்டன. இருபத்தேழு மாசம்.

சிலர் இதற்காகப் பெட்ரில்லோவைத் திட்டுவார்கள். ஜாஸ் இசையில் புதுப்பாதை பிறந்த காலம் அது. ஏர்ல் ஹைன்ஸ் கோஷ்டியில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் சேர்ந்து வாசித்தது தட்டில் ஏறாமலே போய்விட்டது. இழப்புதான், இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் பாருங்கள், அந்த இழப்புக்கு அழுகிற ரசிகர்களில் எத்தனை பேர், அதே வாத்தியக்காரர்கள் வயசான காலத்தில் வாடகை கட்ட வழியில்லாமல் நின்றதற்கு அழுதார்கள்?

முதலாளிகள் சும்மா இருப்பார்களா. 1946இல் பெட்ரில்லோவைக் குறிவைத்தே ஒரு சட்டம், லீ சட்டம். வானொலி நிலையங்களைத் தேவைக்கு மேல் இசைக்காரர்களை வைத்துக்கொள்ளச் சொல்லிச் சங்கம் நெருக்கக் கூடாதென்று. 1947இல் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் வந்து, முதலாளி கட்டும் பணத்தைச் சங்கம் தனியாக நிர்வகிப்பதற்குத் தடை போட்டது. நிதியின் கழுத்தில் கத்தி. 1948 முழுக்க மறுபடி ஒலிப்பதிவு நிறுத்தம். கம்பெனிகள் இந்த முறை உஷார். முந்தின வருசக் கடைசியில் ராத்திரி பகலாகப் பதிவு செய்து குவித்து வைத்திருந்தன. டிசம்பரில் சமரசம்: நிதி இருக்கும், ஆனால் சங்கத்தின் கையில் அல்ல, பொதுவான ஓர் அறங்காவலர் கையில்.

இதை எழுதுகிறவன் வங்கியில் குமாஸ்தா. எங்கள் பெரியவர்கள் கம்ப்யூட்டர் வரும்போது போட்ட சண்டையைப் பற்றி இன்னமும் டீக்கடையில் பேசுவார்கள். 1983இல் போட்ட ஒப்பந்தத்தில் எங்கே எத்தனை இயந்திரம் வைக்கலாம் என்று வரம்பு கட்டினார்கள். இப்போது வரம்பும் இல்லை, ஆளும் இல்லை, கவுண்டரில் ஒருத்தன் மூணு பேர் வேலை பார்க்கிறான். இயந்திரம் ஒருத்தன் வேலையைத் தின்றால் அதில் வருகிற லாபத்தில் ஒரு காசு வேலை இழந்தவனுக்குப் போக வேண்டும் என்று கேட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். பெட்ரில்லோ கேட்டது அதைத்தான்.

இனி அடுத்த பக்கத்தைப் புரட்டுவோம்.

பெட்ரில்லோ தலைமை தாங்கிய சிகாகோ உள்ளூர்ச் சங்கத்தின் எண் 10. அது வெள்ளையர் சங்கம். அதே ஊரில் கறுப்பர் சங்கம் ஒன்று இருந்தது. எண் 208, 1902இல் பட்டயம் வாங்கியது. லாஸ் ஏஞ்சல்ஸில் வெள்ளையருக்கு 47, கறுப்பருக்கு 767. பிட்ஸ்பர்க்கில் 60, 471. பிலடெல்பியாவில் கறுப்பர் சங்கம் 274. நியூயார்க்கின் 802 மாதிரி ஒன்றிரண்டு விலக்கு. மற்றபடி பல ஊர்களில் ஊர்ச்சங்கம், சேரிச்சங்கம். ஒரே கூட்டமைப்பு, ஒரே சந்தா, ஒரே தொழில். சினிமா ஸ்டுடியோ, வானொலி நிலையத்து நிரந்தர வேலை, சிம்பொனி எல்லாம் ஊர்ச்சங்கத்துக்கு. ஸ்டுடியோவுக்கு ஆள் பிடித்துத் தருகிறவன் வெள்ளைச் சங்கத்துக்குத்தான் போன் போடுவான். கேட்டால், 'எங்களுக்கு நிறபேதம் இல்லை, அந்தச் சங்கத்துப் போன் நம்பர்தான் எங்களிடம் இல்லை.' எவ்வளவு யோக்கியமான பதில்!

ரூஸ்வெல்ட்டுக்கு அடங்காத ஆள், இதை மட்டும் அடங்கி ஏற்றுக்கொண்டார். தோழர்களே, நமக்கு இது புதுசா? பம்பாய் மில்களில் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவன் நுழைய முடியாது. நூல் அறுந்தால் எச்சில் தொட்டு ஒட்ட வேண்டும், எச்சில் தீட்டாம். கூலி அதிகமுள்ள பிரிவு அதுதான். சிவப்புக் கொடி பிடித்த சங்கத்துக்கு அது ஒரு கோரிக்கையாகவே படவில்லை. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் அதைக் கேள்வியாக்க வேண்டியிருந்தது. 1938இல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடம் தொழிலாளிக்கு எதிரி இரண்டு என்றார்: பார்ப்பனியம், முதலாளித்துவம். ஒன்றை மட்டும் எதிர்க்கிற சங்கம் பாதிச் சங்கம்.

லாஸ் ஏஞ்சல்ஸில் 1940களின் கடைசியில் இதை உடைக்கக் கிளம்பினார்கள். பட்டி கொலெட், பென்னி கார்ட்டர், மார்ல் யங் போன்றவர்கள். முதலில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசிக்கிற ஒரு சிம்பொனி கோஷ்டியை உண்டாக்கினார்கள். வாசிச்சுக் காட்டுவதே பிரச்சாரம். பிறகு தங்கள் சங்கத் தேர்தலில் இணைப்பு ஆதரவாளர்களை நிறுத்தினார்கள். எதிர்ப்பு வெள்ளையரிடம் மட்டுமா? கறுப்பர் சங்கத்து நிர்வாகிகளிடமும். 'நமக்கென்று ஒரு கட்டடம், ஒரு கஜானா, ஒரு பதவி இருக்கு. அங்கே போய் என்ன ஆவோம்?' கடைசியில் இரண்டு பக்கமும் வாக்கெடுப்பு நடந்து, 1953 ஏப்ரல் 1இல் இரண்டும் ஒன்றாயின. மார்ல் யங் பின்னாளில் ஒரு பெரிய தொலைக்காட்சித் தொடருக்கு இசை இயக்குநராக உட்கார்ந்தார். கறுப்பர் ஒருவர் அப்படி உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

நல்ல முடிவு என்று கைதட்டிவிட்டுப் போகலாம். எல்லா ஊரிலும் அப்படி முடியவில்லை. 1964இல் குடியுரிமைச் சட்டம் வந்தபிறகு கூட்டமைப்பே இணையுங்கள் என்று நெருக்கியது. அந்த வேலையைப் பார்க்கிற துறைக்குத் தலைமை யாரென்று நினைக்கிறீர்கள்? அதே பெட்ரில்லோ! சிகாகோவில் 1966இல் 10உம் 208உம் சேர்ந்தபோது கறுப்பர்கள் சும்மா சேரவில்லை. சங்க நிர்வாகத்தில் குறிப்பிட்ட காலத்துக்குத் தங்களுக்கு இடம் ஒதுக்கி எழுதி வாங்கிக்கொண்டு சேர்ந்தார்கள். இடஒதுக்கீடு என்றால் திறமை கெட்டுப்போகும் என்று புலம்புகிறவர்கள் கொஞ்சம் காதைக் கொடுங்கள்: அந்தச் சங்கத்தில் யாருடைய சுருதியும் விலகவில்லை. பிட்ஸ்பர்க்கிலும் அதே 1966இல் இணைந்தார்கள். எண்ணிக்கையில் குறைந்தவர்கள் தேர்தலில் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். தங்கள் கட்டடமும் போய், குரலும் போய், 1970களில் சொந்தச் சங்கத்தின் மேலேயே நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டியதாயிற்று. பிலடெல்பியாவின் 274 சேரவே மாட்டோம் என்றது. ஜான் கோல்ட்ரேன் உறுப்பினராக இருந்த சங்கம் அது. 1971இல் கூட்டமைப்பு அதை இல்லாமல் ஆக்கிவிட்டது. முன்யோசனையாக 1966லேயே தொடங்கி வைத்திருந்த கிளெஃப் கிளப் மட்டும் மிஞ்சியது.

தனியா, சேர்ந்தா? 1932 பூனாவிலிருந்து நம்மை அரிக்கிற கேள்வி. தனித்தொகுதியைப் பட்டினி கிடந்து பிடுங்கிக்கொண்டு, கூட்டுத்தொகுதியில் அவர்கள் ஓட்டில் ஜெயிக்கிற நம்மாளைக் கொடுத்தார்கள். வங்கியில் எஸ்சி, எஸ்டி ஊழியர் நலச்சங்கம் தனியாக உண்டு. நிர்வாகம் அவ்வப்போது கூப்பிட்டு உட்கார வைத்துக் குறை கேட்கும், டீ பிஸ்கட் தரும். சம்பளம் பேசுகிற மேசையில் நாற்காலி கிடையாது, அது பொதுச்சங்கத்துக்கு. பொதுச்சங்கத்திலோ பதவி உயர்வு ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசினால் ஒற்றுமை கெடுகிறதாம். எனவே சேரிச்சங்கத்துக்காரன் 'ஒண்ணாகலாம் வாங்க' என்ற அழைப்பைச் சந்தேகமாகப் பார்த்தால் அவனைப் பிரிவினைவாதி என்று ஏசாதீர்கள். சேரலாம். சிகாகோக்காரர்கள் மாதிரி எழுதி வாங்கிக்கொண்டு சேரலாம். வெறுங்கையோடு போனவன் பிட்ஸ்பர்க்காரன் கதைதான்.

இன்னொரு சண்டையையும் சொல்லாமல் விட முடியாது. பெட்ரில்லோவின் நிதி எல்லா இசைக்காரருக்கும் பொது என்றோமே, ஹாலிவுட் ஸ்டுடியோவில் வாசிக்கிறவர்கள் 1950களில் கொதித்தார்கள். எங்கள் வாசிப்பைத் திரும்பத் திரும்பப் போட்டு வருகிற பணம் எங்கோ ஊர்ப் பூங்காவில் வாசிக்கிறவனுக்குப் போகிறதே, எங்களுக்கு என்ன? செசில் ரீட் என்ற ட்ரம்பெட்காரர் தலைமையில் கலகம். 1958இல் போட்டிச் சங்கமே வைத்து ஸ்டுடியோத் தேர்தலில் ஜெயித்தார்கள். அந்த வருசமே பெட்ரில்லோ தலைவர் பதவியிலிருந்து இறங்கினார். 1961இல் சமாதானம். 1964 முதல், ஒலிப்பதிவில் வாசித்தவர்களுக்கே நேராகப் பங்கு தருகிற தனி நிதி ஒன்று உண்டானது. யார் பக்கம் நியாயம்? இரண்டு பக்கமும் இருக்கிறது. வேலை இழந்தவனுக்கும் பங்கு உண்டு, வேர்வை சிந்தினவனுக்கும் உண்டு. நம்மிடம் கேட்டால், ஒருத்தன் பங்கை எடுத்து இன்னொருத்தனுக்குக் கொடுப்பதைவிடக் கம்பெனிக்காரன் பங்கில் இரண்டு பேரும் கை வைத்திருக்கலாம்.

முதலாளி நம்ம ஆள் என்றால்? டெட்ராய்ட்டின் மோடவுன் கம்பெனியைப் பாருங்கள். உரிமையாளர் பெர்ரி கோர்டி கறுப்பர். பாடுகிறவர்கள் கறுப்பர்கள். வாசிக்கிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள், ஃபங்க் பிரதர்ஸ் என்று தங்களுக்குள் அழைத்துக்கொண்டவர்கள். 1960களில் உலகம் ஆடிய பாட்டுகளின் அடித்தாளம் இவர்கள் கையில் பிறந்தது. ஆரம்ப காலத்தில் பாட்டுக்கு இவ்வளவு என்று சில டாலர், சங்கக் கூலிக்குக் கீழே. பிற்பாடுதான் சங்கக் கூலி. தட்டின் உறையில் பேர் கிடையாது. பேஸ் கிதார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பேர் 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' உறையில்தான் ஏறியது. அடுத்த வருசம் கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மூட்டை கட்டியது. வாசித்தவர்களில் பெரும்பாலோர் நடுத்தெருவில். 1983இல் கம்பெனியின் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு ஜேமர்சன் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார். அதே வருசம் செத்துப்போனார். நம்ம சாதிக்காரன் கம்பெனி வைத்தால் விடுதலை என்று கனவு காண்கிற இளைஞர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சந்தோசப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூலிச்சீட்டைக் கேட்டு வாங்கிவிட்டுச் சந்தோசப்படுங்கள்.

இத்தனை சண்டைக்கும் மிஞ்சியது என்ன? அங்கே டிஜிட்டல் ஒலிபரப்புக்கு 1995 முதல் சட்டம் உண்டு. வருகிற ராயல்டியில் பாதி உரிமையாளருக்கு, 45 சதவீதம் முன்னணிக் கலைஞருக்கு, 2.5 சதவீதம் பின்னணி வாத்தியக்காரருக்கு, 2.5 பின்னணிப் பாடகருக்கு. கொசுறு மாதிரிதான். ஆனால் பேர் தெரியாதவனுக்கென்று சட்டத்திலேயே எழுதி வைத்த கொசுறு. சங்கம் இல்லாமல் எந்தச் சட்டசபையும் தானாக எழுதியிருக்காது.

இங்கே? சென்னைத் திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவர் எம்.பி. சீனிவாசன், கம்யூனிஸ்ட், இசையமைப்பாளர். அதற்கு வணக்கம். சட்டம் என்னவோ ஆமை. 1977இல் உச்சநீதிமன்றத்தில் ஒரு வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், பாடுகிறவனுக்கு இந்தச் சட்டத்தில் ஒன்றுமே இல்லையே என்று தனிக்குறிப்பு எழுதி நாடாளுமன்றத்தின் காதில் போட்டார். 1994இல்தான் நிகழ்த்துகிறவனின் உரிமை சட்டத்தில் ஏறியது. 2012 திருத்தத்தில் வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி என்று வந்தது. மகிழ்ச்சி. ஆனால் அதே திருத்தத்தில் ஒரு வரி ஒளிந்திருக்கிறது: திரைப்படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பேர் டைட்டில் உள்பட எங்கேயும் போடப்படாவிட்டால், அவர் நிகழ்த்துபவராகவே கருதப்பட மாட்டார். தன் நிகழ்ச்சியைச் சிதைத்துப் பேரைக் கெடுத்தால் தடுக்கலாம் என்கிற ஒரே ஒரு உரிமைக்கு மட்டும் விலக்கு.

படித்துப் பாருங்கள். 'தொழில் வழக்கப்படி.' பேர் போடாதது யார் வழக்கம்? அவர்கள் வழக்கம். பேர் போடாததால் உரிமை இழப்பது யார்? கதைக்குச் சாவு வேண்டும், கோபம் வேண்டும், சேரித் தெரு வேண்டும் என்றால் பறைக்கு ஆள் விடுகிறார்கள். ஊரிலிருந்து நாலு பேர் வருகிறார்கள், சட்டிக்குத் தீ மூட்டிக் காய்ச்சி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள், ஒரு மணி நேரம் அடிக்கிறார்கள், கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்து அடியை வெட்டித் துண்டாக்கிக் கம்ப்யூட்டரில் சாம்பிளாகப் போட்டு வைத்தால், இன்னும் பத்துப் படத்துக்குக் கீபோர்டில் ஒரு விரல் தட்டினால் போதும், பறை வந்துவிடும். பறையன் வர வேண்டாம். தொடாமலே அடிக்கிற பறை! தீண்டாமைக்கு இதைவிட வசதியான கருவியை மனுவால்கூட யோசித்திருக்க முடியாது.

நம்ம பறைக் குழுக்கள், கானாக்காரர்கள், நாதஸ்வரம் தவில்காரர்கள், ஊருக்கு ஊர் இருக்கிற பேண்டுக் கோஷ்டிகள் பெரும்பாலும் எந்தச் சங்கத்திலும் இல்லை. இருக்கிற சங்கத்தில் சேரப் பணமும் வேண்டும், ஆள் தெரிய வேண்டும். சேருவதா, தனியாகக் கட்டுவதா என்பதைக் குழுக்களே கூடி முடிவு பண்ணட்டும். அதுவரைக்கும் நம் வாசகர்களான மாணவத் தோழர்கள், குறிப்பாகச் சட்டம் படிக்கிறவர்கள், ஒரு வேலை செய்யலாம். உங்கள் ஊர்க் குழு ஒலிப்பதிவுக்குக் கிளம்பும்போது கூடவே ஒரு தாள் போகட்டும். என்ன தேதி, எந்த ஸ்டுடியோ, எத்தனை மணி நேரம், எந்தப் படம் அல்லது ஆல்பம், யார் யார் அடித்தது, எவ்வளவு கொடுத்தார்கள், பதிவு செய்ததை வேறு எதற்கும் எடுத்துப் போட அனுமதி கொடுத்தார்களா இல்லையா, டைட்டிலில் பேர் போட ஒத்துக்கொண்டார்களா. கீழே இரண்டு தரப்புக் கையெழுத்து. கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்தவர் பேரும் தேதியும். அந்தத் தாள்களின் நகலை நமக்கு அனுப்புங்கள், சேர்த்து வைப்போம்.